வெள்ளைச் சாக்கும் மஞ்சள் விளக்கும்

ருகுரு அக்காவிடம் பனி விளக்கு பொருத்திக்கொள்ளும் எவரும் அன்றைக்கே வண்டியை எடுத்துப் போக முடியாது. வேலை முடிந்த பிறகும் வண்டி அவர் பட்டறை வாசலில்தான் நிற்கும். மறுநாள் காலையில் மூடுபனி இறங்கியிருந்தால் சோதனை. இறங்காவிட்டால் அதற்கும் மறுநாள். எங்கள் மலையூரான மோலோவில் பனிக்குக் குறைவில்லை என்பதால் யாரும் அதிகம் காத்திருந்ததில்லை.

சோதனை மரவாடிக்குப் பின்னாலுள்ள சமதரையில் நடக்கும். வண்டிக்காரர் என்ஜினை ஓடவிட்டு, பனி விளக்குகளை மட்டும் போட்டுக்கொண்டு இருக்கையில் உட்கார வேண்டும். அக்கா ஒரு வெள்ளை உருளைக்கிழங்குச் சாக்கை முதுகில் போர்த்திக்கொண்டு வண்டிக்கு முன்னால் நேராக நடப்பார். சாக்கு பனியில் மறைந்த நொடியில் வண்டிக்காரர் ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரன் கேட்ட இடத்தில் அக்கா நின்று எத்தனை தப்படி என்று சொல்வார். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் திரும்பி வந்து, திருகைத் தளர்த்தி, விளக்கை விரல் நகமளவு தாழ்த்திவிட்டு மறுபடியும் நடப்பார். முப்பத்தைந்து வந்தால்தான் சாவி கைக்கு வரும்.

"சுவத்துல அடிச்சுப் பாத்தாப் போதாதா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"நீ சுவத்துலயா வண்டி ஓட்டப் போற?" என்பார் அக்கா.

எங்கள் அம்மாவின் டீக்கடை அந்தப் பட்டறைக்கு நேர் எதிரில் இருக்கிறது. பள்ளி முடிந்து கல்லூரியில் சேரக் காத்திருக்கும் இந்த மாதங்களில் நான் அதிகம் பார்த்தது அந்த வாசலைத்தான். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதிக்கோ, என் வயச மட்டும் எழுதாத" என்றார். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அக்கா முதலில் வயர் வேலைக்காரர் இல்லை. பள்ளிக்கூட ஸ்வெட்டர் பின்னும் கடையில் எந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் எந்திரத்தின் மோட்டார் புகைந்து நின்றுபோனது. பெரிய ஊரான நக்குருவிலிருந்து ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். குளிர் உறையவைக்கும் ஜூலை அது. பள்ளிகள் ஸ்வெட்டர் கேட்டு நின்றன. அக்கா மோட்டாரைப் பிரித்து, எரிந்த வயரை வெட்டி, வேறு வயர் சேர்த்து ஓடவைத்துவிட்டார். அதன் பிறகு அக்கம்பக்கத்தார் ரேடியோ கொண்டுவந்தார்கள். பிறகு ஒரு ரொட்டி வண்டிக்காரர் ஊமையாகிப்போன ஹாரனைக் கொண்டுவந்தார். மூன்று வருடத்தில் ஸ்வெட்டர் கடையை விட்டுவிட்டார். கணவர் கெரிச்சோ தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை வருவார். மகள் நொகாபி நக்குருவில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதனால் ஊரில் எல்லோரும் அவரை நொகாபி அம்மா என்பார்கள். முகத்துக்கு நேரே அப்படி, முதுகுக்குப் பின்னால் வயர்க்காரி.

ஸ்வெட்டர் கடையிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான், கம்பளி நூல். பழைய வண்டிகளிலிருந்து உருவி விற்கப்படும் வயர்தான் எங்கள் ஊரில் கிடைக்கும். எல்லாம் ஒரே கறுப்பு. எது எங்கே போகிறது என்று போட்டவருக்கே மறந்துவிடும். அக்கா ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் கம்பளி நூலால் இரட்டை முடிச்சுப் போடுவார். பேட்டரியிலிருந்து வருவதற்குச் சிவப்பு, விளக்குக்குப் போவதற்கு மஞ்சள், எர்த்துக்குப் பச்சை. மற்ற பட்டறைக்காரர்கள் அவர் கைபட்ட வண்டிகளை "ஸ்வெட்டர் போட்ட வண்டி" என்று கேலி செய்வார்கள். ஆனால் நடுவழியில் விளக்கு அணைந்தால் வண்டிக்காரரே மூடியைத் திறந்து நூலைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஊர் வண்டி ஸ்டாண்டில் ஆள் ஏற்றி ஓடிய லேண்ட் ரோவர்களில் ஏழு அப்படி ஸ்வெட்டர் போட்டிருந்தன. எட்டாவதாக வந்தது மாரித்திமின் வண்டி.

மாரித்திம் கெரிங்கெட் பக்கத்து மேட்டிலிருந்து காலையில் பால் கேன்களையும் ஆட்களையும் இறக்குவார். மத்தியானம் மாவு மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிப் போவார். முப்பது வருடமாக அதே தடம், அதே லேண்ட் ரோவர். வண்டி என் அம்மாவைவிட மூத்தது. அதன் நெற்றியில் "இன்னும் இருக்கேன்" என்று பெயின்ட்டால் எழுதியிருக்கும். அது வண்டியைப் பற்றியா, ஓட்டுகிறவரைப் பற்றியா என்று ஸ்டாண்டில் விவாதம் உண்டு.

செய்தித்தாளில் சுற்றிய இரண்டு வட்ட விளக்குகளை அவர் அக்காவின் மேசைமேல் வைத்தார். நக்குருவில் பழைய சாமான் கடையில் வாங்கியது. மஞ்சள் கண்ணாடி, ஒன்றில் சின்னக் கீறல்.

"மேல வை நொகாபி அம்மா. கூரைக் கம்பில, ரெண்டு பக்கமும். கெரிங்கெட்டுல புறப்பட்டா மோலோவுல தெரியணும்."

"எதுக்கு, மோலோவுல இருக்குறவங்க உங்களுக்கு வழி சொல்லவா?"

"எல்லாரும் மேலதான வைக்குறான். அந்தப் பண்ணைக்காரன் வண்டியப் பாரு. நாலு வெச்சிருக்கான், கிரீடம் மாதிரி."

"அவன் வெயில் நாள்ல கல்யாணத்துக்குப் போறான் அண்ணே. நீங்க பனியில பால் ஏத்திக்கிட்டு வர்றீங்க. மேலேருந்து அடிச்சா வெளிச்சம் பனியில பட்டு உங்க மூஞ்சிக்கே திரும்பி வரும். வெள்ளைச் சுவரு கட்டின மாதிரி இருக்கும். பனி தரையோட ஒட்டாது. ஒரு முழம் விட்டுத்தான் நிக்கும். அந்த முழத்துக்குள்ள விடணும் வெளிச்சத்த."

"கீழ வெச்சா கல்லு அடிச்சு ஒடைச்சுடுமே! எங்க ரோட்டப் பாத்திருக்கியா நீ?"

இது நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் எல்லோரும் பனி விளக்கை உச்சியில் வைத்துக்கொண்டு பனியில் குருடாக ஓட்டுவதற்கு இந்தக் கல்தான் காரணம். அக்கா உள்ளே போய், தேய்ந்துபோன ஒரு டிராக்டர் கலப்பையின் வட்டத் தட்டை எடுத்துவந்து காட்டினார். அதைப் பாதியாக வெட்டி, பம்பருக்குக் கீழே இமைபோல வளைத்து, ஒவ்வொரு பாதிக்கும் பின்னால் ஒரு விளக்கு. கல் தட்டில் அடிக்கும், விளக்கில் அடிக்காது.

"கண்ணுக்கு மை போட்ட மாதிரி இருக்கும் போலிருக்கே" என்றார் மாரித்திம்.

"அழகாத்தான் இருக்கும். விடுங்க."

ஒரு முழுப் பகல் வேலை நடந்தது. அந்த வண்டியின் உடம்பு அலுமினியம். இரும்புத் திருகு பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் இருந்தது. மற்றவர்கள் எர்த் வயரை அருகிலுள்ள ஏதாவது ஒரு திருகில் முறுக்கிவிடுவார்கள். அக்கா அதை நம்பாமல் விளக்கிலிருந்து பேட்டரிவரை தனி வயரே இழுத்தார். சுவிட்ச் சூடாகாமலிருக்க ஒரு ரிலே, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ். கடைசியில் நூல் முடிச்சுகள். மாரித்திம் எங்கள் கடையில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரையை ஒரு கரண்டி கோப்பையிலும் ஒரு கரண்டி மேசையிலும் போட்டார். அம்மா துடைத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போனார். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் சோதனை. முப்பத்தைந்தாவது தப்படியில் ஹாரன் சரியாக அடித்தது. அக்கா சாவியைக் கொடுத்தார்.

அடுத்த மாதமே ஸ்டாண்டில் பேச்சு கிளம்பியது. வயர்க்காரி போட்ட விளக்கு சரியில்லை என்று மாரித்திமே சொல்லிக்கொண்டிருந்தார். வெளிச்சம் சிதறுகிறதாம், முன்னைவிட மோசமாம். அக்கா இரண்டு தடவை வண்டியை வரவழைத்து, காசு வாங்காமல் கோணத்தைச் சரிசெய்து கொடுத்தார். பிறகு ஏப்ரல் மழையில் ஒரு காலை, தண்ணீர்த் தொட்டி வளைவில் வண்டி வளையாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பதினான்கு பேர் இருந்தார்கள். பால் கேன்கள் உருண்டு பள்ளம் முழுக்கப் பால். செபெட் என்ற ஆசிரியைக்கு மணிக்கட்டு உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புத்தான். அது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

"லைட்டு அணைஞ்சு போச்சு" என்றார் மாரித்திம்.

ஸ்டாண்டுத் தலைவர் கினுத்தியா உரத்த குரல்காரர். எங்கள் கடை வாசலில் நின்றே தீர்ப்புச் சொன்னார்: "இன்னையிலேருந்து நொகாபி அம்மா கைவெச்ச வண்டி எதுவும் வரிசையில நிக்கக் கூடாது. வேற ஆளுகிட்ட காட்டி, எல்லாத்தையும் மாத்திக்கிட்டு வந்தா நிக்கட்டும்."

"கினுத்தியா அண்ணே, வண்டியப் பாக்காமயே சொல்றீங்களே" என்றார் அக்கா.

"டீச்சரோட கையப் பாத்தேன். அது போதும் எனக்கு."

மாரித்திம் கிப்சிகிஸ் இனத்தவர். அக்கா கிகூயு இனம். எங்கள் ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்த வருடங்கள் எத்தனை வீடுகள் எரிந்து முடிந்தன என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

இரண்டு நாளில் ஐந்து வண்டிக்காரர்கள் அக்காவின் முடிச்சுகளை அறுத்து எறிந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நூல்துண்டுகள் எங்கள் கடை வாசல் சேற்றில் கிடந்தன. அவற்றை நான்தான் பெருக்கினேன்.

அக்காவிடம் இருந்தது நல்ல வேலைக்காரி என்ற பெயர் ஒன்றுதான். பட்டறை வாடகை இடம். கருவிகள் ஒரு பெட்டிக்குள் அடங்கும். ஒரு பெண் போட்ட வயரை நம்பி இந்த ஊர் வண்டிகளைக் கொடுக்கப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

பள்ளத்திலிருந்து இழுத்து வந்த லேண்ட் ரோவரை அக்கா பகல் முழுக்கப் பார்த்தார். எல்லா முடிச்சும் இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. கலப்பைத் தட்டு நசுங்கியிருந்தாலும் விளக்கு இரண்டும் உடையவில்லை. சுவிட்சைப் போட்டால் எரிந்தன. அந்த வண்டியில் வந்த ஒரு பெண்ணிடமும் விசாரித்தார். "லைட்டா? எரிஞ்சுதே. ரோடு பூரா மஞ்சளா இருந்துச்சு. அவரு ஏன் நேரா போனாருன்னுதான் தெரியல" என்றாள் அவள்.

அடுத்த காலையில் அக்கா மாரித்திமைக் கூப்பிட்டு அனுப்பினார். இதற்குப் பிறகு மரவாடிக்குப் பின்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பின்னாளில் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

"இன்னொரு தடவ நடந்து பாத்துடலாம் அண்ணே. நம்ம ரெண்டு பேரு மனசுக்காக."

மாரித்திம் இருக்கையில் உட்கார்ந்தார். என்ஜின் வழக்கம்போல் இரைந்தது. அந்த இரைச்சலில் காலடிச் சத்தம் கேட்காது. அக்கா சாக்கைப் போர்த்திக்கொண்டு நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தாவது தப்படியில் நின்றுவிட்டார். மஞ்சள் வெளிச்சம் அவர் முதுகில் முழுதாக விழுந்துகொண்டிருந்தது. தன் நிழல் பனிமேல் பெரிதாக நிற்பதை அவரே பார்த்தார். நின்றபடி மனத்துக்குள் எண்ணினார். இருபது. இருபத்தைந்து. முப்பது.

முப்பத்தைந்தில் ஹாரன் அடித்தது.

அக்கா திரும்பி நடந்து வந்து, கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"எத்தன?" என்று கேட்டார் மாரித்திம். "முப்பத்தஞ்சு இருக்குமே?"

"பத்து."

"என்ன பத்து?"

"பத்தாவது தப்படியில நின்னுட்டேன் அண்ணே. நீங்க ஹாரன் அடிக்கிறவரைக்கும் அங்கயேதான் நின்னேன்."

மாரித்திம் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார்.

"கண்ணாடியில ஆவி புடிச்சிருக்கு."

"கண்ணாடிய நான்தான் தொடச்சேன், இப்பதான்."

அவர் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அக்கா என்ஜினை அணைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மழைக்காலமா. வெயில்ல சமாளிச்சுக்குவேன். பனியிலதான்… முன்னாடி ஒரு வெள்ளைத் துணி தொங்குற மாதிரி. லைட்டு போட்டா சரியாகும்னு நெனச்சேன். போட்டா பால ஊத்தின மாதிரி ஆயிடுச்சு."

"அப்புறம் எப்படி ஓட்டுனீங்க?"

"ரோடு எனக்கு இடுப்புல தெரியும் நொகாபி அம்மா. எந்தக் குழி எப்ப தூக்கிப் போடும்னு தெரியும். தொட்டி வளைவுக்கு முன்னாடி எடது பக்கம் ஒரு பெரிய குழி. அது தூக்கிப் போட்டுச்சுன்னா மூணு எண்ணிட்டு வளைக்கணும். முப்பது வருசமா இருந்த குழி. போன வாரம் மண்ணக் கொட்டி மூடிட்டானுங்க. யாரும் எங்கிட்ட சொல்லல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கோபமும் வந்தது.

"பதினாலு பேரு! ஒரு குழிய நம்பிப் பதினாலு பேர ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க. டீச்சரோட கையி உங்க வீட்டுப் புள்ள கையா இருந்தா? அப்புறம் எம் பேர வேற…"

"என்ன சொல்லச் சொல்ற? கண்ணு தெரியலன்னா? சொன்ன அன்னைக்கே எறக்கி விட்டுருவானுங்க. எறங்குன டிரைவரத் திரும்ப ஏத்துன ஸ்டாண்டு எங்கயாவது இருக்கா?" பிறகு குரல் தணிந்து, "போ. போயி கினுத்தியாகிட்ட சொல்லு. உம் பேரு உனக்குத் திரும்ப வரணும்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அக்கா அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். சொன்னால் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதே சமயம் அவர் வேறொன்றையும் யோசித்தார். கண்ணில் வெள்ளையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் புரை. அவருடைய மாமியாருக்கு அறுவைசெய்து சரியானது. சரியாகக்கூடிய ஒன்றுக்காக ஒரு மனிதர் ஒரேயடியாக இறங்கிவிடுவார். இறக்கியது யார் என்று மேட்டில் மாரித்திமின் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான்.

"சாவியக் குடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"வண்டி எங்கிட்ட நிக்கட்டும். வயர் எரிஞ்சு போச்சு, எல்லாத்தையும் புதுசா இழுக்கணும், ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னு கினுத்தியாகிட்ட சொல்றேன். நீங்க நாளைக்கே நக்குரு கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணு சரியாகாம இந்தச் சாவி உங்க கைக்கு வராது. போகலன்னா அடுத்த வாரமே நானே ஸ்டாண்டுல நின்னு சொல்லிடுவேன்."

"அப்ப உன் தப்புன்னு ஆயிடுமே."

"இப்ப மட்டும் யாரு தப்புன்னு பேசிக்கிட்டிருக்காங்க? இன்னும் ஒரு மாசம் திட்டட்டும். எங்காது ஒண்ணும் தேஞ்சு போயிடாது. ஆனா நீங்க வந்து பேசணும் அண்ணே. உங்க வாயால."

மாரித்திம் சாவியைக் கொடுத்தார். அதில் ஒரு மணி கோர்த்திருந்தது. அதை மட்டும் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா சொன்னபடியே சொன்னார். "அப்ப உன் வயருதான் எரிஞ்சுதா?" என்று கினுத்தியா எல்லோர் முன்னாலும் கேட்டபோது "ஆமா" என்று ஒரே வார்த்தை. மிச்சமிருந்த இரண்டு வண்டிக்காரர்களும் அன்று மத்தியானமே முடிச்சுகளை அறுத்துவிட்டார்கள்.

ஐந்து வாரம் "இன்னும் இருக்கேன்" பட்டறை வாசலில் நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதனிடம் பேச்சுக் கொடுத்தார்கள். "ஸ்வெட்டர் போட்டும் சளி புடிச்சுக்கிச்சா?" என்று ஒருவர் கேட்டதற்கு ஸ்டாண்டே சிரித்தது. என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நீ ஏன்டி வாயத் திறக்க மாட்டேங்குற? உன் வேலை எனக்குத் தெரியாதா?" என்று அக்காவிடம் சண்டைக்கே போனார். அக்கா டீயைக் குடித்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரத்தில் பழைய கடைக்குப் போய் ஸ்வெட்டர் எந்திரத்தில் உட்கார்ந்தார். நொகாபியின் பள்ளிக்கு இரண்டாம் பருவம் தொடங்கவிருந்தது. மத்தியானம் பின்னல், சாயங்காலம் வந்து பட்டறையைத் திறந்துவைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் எட்டிப் பார்த்தபோது அந்த லேண்ட் ரோவரின் நசுங்கிய கலப்பைத் தட்டைச் சுத்தியலால் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

மாரித்திம் வந்த காலையில் பனி அடர்த்தியாக இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்திருந்தது; இன்னொன்றுக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். நேராக ஸ்டாண்டுக்குப் போய்க் கினுத்தியாவின் கையைப் பிடித்தார்.

"வா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மரவாடிக்குப் பின்னாடி வா. என் வண்டிக்குச் சோதனை."

"அந்த வயர்க்காரிகிட்டயா மறுபடியும்? உனக்குப் பைத்தியமா?"

"வந்து பாரு. அப்புறம் யாருக்குப் பைத்தியம்னு சொல்லு."

பத்துப் பதினைந்து பேர் போனோம். இந்த முறை நானும் போனேன். மாரித்திம் வண்டியில் ஏறி விளக்கைப் போட்டார். கினுத்தியாவைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தார். அக்கா சாக்கைப் போர்த்திக்கொண்டு நடந்தார். இருபதாவது தப்படி இருக்கும், நின்றுவிட்டார்.

மாரித்திம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்: "என்ன நிக்கிற? கால்ல முள்ளா? நட, நட! சாக்குல ஓட்டை வேற. புதுசு வாங்கக் கூடாதா?"

அக்காவின் தோள்கள் குலுங்கியது எங்களுக்குத் தெரிந்தது. சிரித்தாரா அழுதாரா என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் நடந்து பனிக்குள் போனார். முப்பத்தெட்டில் ஹாரன் அடித்தது.

"லைட்டு நல்லாத்தான இருக்கு!" என்றார் கினுத்தியா ஆச்சரியமாக. "புது வயரா?"

மாரித்திம் கீழே இறங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் சிவந்து கலங்கியிருந்தது.

"அதே வயருதான். ஒரு முடிச்சுகூட மாத்தல. அணையவும் இல்ல, எரியவும் இல்ல. போன தடவ இந்தப் பொம்பள பத்தாவது தப்படியில நின்னுச்சு. நான் முப்பத்தஞ்சு எண்ணிட்டு ஹாரன் அடிச்சேன். முன்னாடி நின்னது எனக்குத் தெரியல. பள்ளத்துல எறங்குனது என் கண்ணு. அவ மேல பழி போட்டேன். அவ வாங்கிக்கிட்டா."

 என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கினுத்தியா மெல்லத்தான் பேசினார். அவர் மெல்லப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"என் பொண்ணு அந்த வண்டியில வாரத்துக்கு ரெண்டு தடவ வருவா, மாரித்திம்."

"தெரியும். குரல வெச்சுக் கண்டுபுடிப்பேன்."

அந்தப் பதில் எல்லோரையும் இன்னும் கலங்கவைத்தது.

அன்றே முடிவும் ஆனது. இரண்டாவது கண்ணும் சரியாகி, டாக்டரின் சீட்டு வரும்வரை மாரித்திம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அதுவரை வண்டியை வேறு ஆள் ஓட்டலாம். அவருடைய இடம் வரிசையில் இருக்கும். அவருக்கு வரிசையில் இடமே கொடுக்கக் கூடாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாரித்திம் எதையும் மறுக்கவில்லை. அங்கிருந்து நேராக செபெட் டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் கதவைத் திறந்து, அவர் சொன்னதைக் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். மறு வாரமும் போனார். மூன்றாவது தடவை ஒரு குடுவை புளித்த பாலோடு போனார். பாலை வாங்கிக்கொண்டதாகக் கேள்வி.

கினுத்தியா அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. மறுநாள் பட்டறை வாசலில் வந்து நின்று, "நீ ஏன் பொய் சொன்ன?" என்று அதட்டினார்.

"உண்மையச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அண்ணே?"

அவர் வாசலில் கிடந்த ஒரு கல்லை உதைத்தார். பிறகு தன் வண்டியின் சாவியை அக்காவின் மேசைமேல் வைத்தார். அவரும் அறுத்தெறிந்திருந்த முடிச்சுகளைத் திரும்பப் போட வேண்டும், அப்போது கூரைக்கு ஏற்றிய விளக்கையும் மறுபடி கீழே இறக்க வேண்டும்.

"சோதனை உண்டு" என்றார் அக்கா.

"தெரியும்."

அதில் ஒரு சின்ன மாற்றம் வந்திருந்தது. அக்கா எங்கேயாவது ஓரிடத்தில் நிற்பார். எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். அது ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துபோனது. அந்த வாரம் வயதான இரண்டு வண்டிக்காரர்களுக்குத் திடீரென்று ஊரில் வேலை வந்துவிட்டது. மூன்றாவது ஆள் யாரும் சொல்லாமலேயே நக்குருவுக்குப் பஸ் ஏறினார்.

கினுத்தியாவின் முறை வெள்ளிக்கிழமை காலை வந்தது. நாங்கள் எல்லோரும் வேலி ஓரமாக நின்றோம். மாரித்திமும் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். கினுத்தியா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மூக்கு முன்கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். வெள்ளைச் சாக்கு மஞ்சள் வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேலி ஓரம் நின்ற எங்களுக்கே அது தெரியவில்லை.

"நொகாபி அம்மா!" என்று கத்தினார் கினுத்தியா. "நிக்கிறியா நடக்குறியா?"

பனிக்குள்ளிருந்து பதில் வரவில்லை.

"ஏய், சொல்லுடியம்மா!"

"ஹாரன அடிடா!" என்றார் மாரித்திம் வேலியிலிருந்து.